தோட்டத்து வழியில் வந்துபோகும் வண்டியின் எண்ணைப் பதிவு செய்யும் காமிரா

உழவர் பெருமக்கள் பலர் இன்று தோட்டத்துச் சாளைகளிலும், பம்புசெட் அறைகளிலும், களத்து மேட்டிலும் கண்காணிப்புக் காமிராக்களைப் பொருத்தி வருகின்றனர். ஊரைவிட்டுத் தள்ளித் தனித்திருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் தேவையான ஏற்பாடே. 2024ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவரும், 2025ஆம் ஆண்டில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே முதிய தம்பதியரும் கொலை செய்யப்பட்ட நிகழ்ச்சிகள் கொங்குப் பகுதி உழவர்களின் மனத்தில் ஆறாத அச்சத்தை ஏற்படுத்தியுள்ளன. இவை போக, ஆழ்குழாய்க் கிணற்றின் செப்புக் கேபிளை வெட்டிச் செல்லுதல், பட்டியிலிருந்து ஆடுகளை ஏற்றிச் செல்லுதல், உரித்து வைத்த தேங்காயை அள்ளிச் செல்லுதல் போன்ற இழப்புகளும் உண்டு.

சில மாதங்களுக்கு முன்பு தென்னந்தோப்பு ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அங்கே முந்தின வாரம் இரவில் மோட்டார் கேபிள் திருட்டுப் போயிருந்தது. தோப்புக்காரர் இரண்டு காமிராக்கள் வைத்திருந்தார். பதிவைப் போட்டுக் காட்டினார். சிறிய சரக்கு வண்டி ஒன்று உள்ளே வருவதும், அரைமணி நேரத்தில் திரும்பிச் செல்வதும் நன்றாகவே தெரிந்தன. ஆனால் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை ஒளித்திட்டு ஒன்று மட்டுமே இருந்தது. "வண்டி தெரியுதுங்க, நம்பர் மட்டும் தெரியலீங்க. இதை வெச்சு நான் யாரைப் போய்க் கேட்கிறதுங்க?" என்றார் அவர். காமிரா பழுதானது அன்று. வாங்கிய விலையும் குறைவன்று. பொருத்திய முறைதான் தவறு. வண்டியின் எண் தெளிவாக விழ வேண்டுமானால் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

எழுத்தின் அளவு

முதலில் நாம் படம் பிடிக்க வேண்டிய பொருளின் அளவை அறிந்துகொள்ள வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார், வேன், லாரி முதலியவற்றின் பதிவெண் எழுத்துகள் 65 மி.மீ. உயரமும் 10 மி.மீ. பட்டையும் உடையவை. இரு சக்கர வண்டிகளின் பின்பக்கப் பலகையில் எழுத்துகள் 35 மி.மீ., எண்கள் 40 மி.மீ. உயரமும், இரண்டும் 7 மி.மீ. பட்டையும் உடையவை. முன்பக்கத்தில் 30 மி.மீ. உயரம் மட்டுமே. எனவே இரு சக்கர வண்டியின் பின்பக்க எண் விழுமாறு காமிராவை அமைத்துவிட்டால் மற்ற வண்டிகளின் எண் தானாகவே விழும்.

காமிராவின் படம் கோலப் புள்ளிகளைப் போன்ற சிறு புள்ளிகளால் ஆனது. 2 மெகாபிக்சல் காமிராவின் படத்தில் அகலவாக்கில் 1920 புள்ளிகள் உள்ளன. ஓர் எழுத்தைப் பிழையின்றிப் படிக்க அதன் உயரத்தில் ஏறத்தாழ 15 புள்ளிகளாவது விழ வேண்டும். படத்தில் விழும் இடத்தின் அகலம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டருக்கு 480 புள்ளிகள் கிடைக்கும். 40 மி.மீ. எண்ணுக்கு 19 புள்ளிகளும், 35 மி.மீ. எழுத்துக்கு 17 புள்ளிகளும் விழும். இது போதுமானது. அதே காமிராவைக் கொண்டு 16 மீட்டர் அகலக் களத்தை முழுவதும் படம் பிடித்தால் மீட்டருக்கு 120 புள்ளிகளே கிடைக்கும், 40 மி.மீ. எண்ணுக்கு ஐந்து புள்ளிகள் கூட விழா. பிறகு அந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் எண் வெளிவராது. விதைக்காததை அறுவடை செய்ய முடியாதல்லவா?

ஆகவே, எண்ணைப் பிடிக்கும் காமிராவுக்கு 4 மீட்டர் அகலத்துக்கு மேற்பட்ட காட்சியைக் கொடுக்கக் கூடாது. வண்டித்தடம் 3 மீட்டர் அகலம் உள்ள தோட்டத்து வழிக்கு இது சரியாக இருக்கும். களம், வீட்டு வாசல், மாட்டுக் கொட்டகை ஆகியவற்றைப் பார்க்க வேறு காமிரா வேண்டும். ஒரே காமிராவிடம் இரண்டு வேலையையும் எதிர்பார்ப்பதே பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம்.

லென்ஸ் தேர்வு

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை 2.8 மி.மீ. அல்லது 3.6 மி.மீ. லென்ஸ் உள்ள காமிராக்கள். இவை அகன்ற காட்சிக்கு ஏற்றவை; எண்ணைப் பிடிக்க ஏற்றவை அல்ல. மேற்சொன்ன தோப்பில் இருந்தவை 2.8 மி.மீ. லென்ஸ் காமிராக்களே. எண்ணைப் பிடிக்க, 2.8 முதல் 12 மி.மீ. வரை மாற்றியமைக்கக்கூடிய லென்ஸ் உள்ள காமிராவைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த அளவில் லென்ஸை வைப்பது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பரவலாகக் கிடைக்கும் 2 மெகாபிக்சல் காமிராக்களில் உள்ள உணர்தகட்டின் அகலம் ஏறத்தாழ 5.6 மி.மீ. இதன்படி, 4 மீட்டர் அகலக் காட்சி வேண்டுமானால், காமிராவுக்கும் வண்டிக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து 1.4ஆல் பெருக்கினால் லென்ஸின் அளவு மி.மீட்டரில் கிடைக்கும்.

தூரம் 5 மீட்டர் – லென்ஸ் 7 மி.மீ.
தூரம் 6 மீட்டர் – லென்ஸ் 8.4 மி.மீ.
தூரம் 8 மீட்டர் – லென்ஸ் 11.2 மி.மீ.
தூரம் 10 மீட்டர் – லென்ஸ் 14 மி.மீ.
தூரம் 15 மீட்டர் – லென்ஸ் 21 மி.மீ.

12 மி.மீ. வரையுள்ள லென்ஸுக்கு 8 மீட்டர் தூரம் ஏற்றது என்பது இதிலிருந்து விளங்கும். அதற்கு மேல் தூரம் இருந்தால் நீண்ட லென்ஸ் உள்ள காமிரா வேண்டும், செலவும் கூடும். கூடுமானவரை காமிராவை வண்டித்தடத்துக்கு அருகில் கொண்டுவருவதே சிக்கனம்.

இடமும் கோணமும்

காமிராவை உயரத்தில் வைத்தால் பத்திரம் என்று எண்ணி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பொருத்துகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் பலகை குறுகிச் சாய்ந்து தெரியும். மேலிருந்து கீழாகவும், பக்கவாட்டிலும் கோணம் 30 பாகைக்கு மேற்படக் கூடாது. 2.5 மீட்டர் உயரக் கம்பத்தில் பொருத்தி, 8 மீட்டருக்கு அப்பால் உள்ள இடத்தைப் பார்க்க வைத்தால் கோணம் 13 பாகை அளவிலேயே இருக்கும். கம்பம் வண்டித்தடத்தின் நடுவிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தால் பக்கவாட்டுக் கோணமும் 14 பாகைக்குள் அடங்கும். காமிராவும் சாயாமல், பலகை படத்தில் படுக்கைவாக்கில் நேராக விழ வேண்டும்.

எந்தப் பக்கம் பார்க்க வைப்பது? தோட்டத்தின் படல் அல்லது கேட் அருகே கம்பம் நட்டு, காமிராவை உள்நோக்கித் திருப்பி வைப்பது நல்லது. இதனால் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவதாக, வண்டி உள்ளே வரும்போது அதன் பின்பக்க எண் விழும். பின்பக்கத்தில் எழுத்தும் பெரிது, கண்ணைப் பறிக்கும் முகப்பு விளக்கும் இல்லை. இரண்டாவதாக, அதே வண்டி திரும்பிச் செல்லும்போது முன்பக்க எண்ணும் விழும். பின்பக்கத்தைத் தார்ப்பாயாலோ ஏற்றிய சுமையாலோ மறைத்திருந்தாலும் ஒன்று தப்பினால் மற்றொன்று கிடைக்கும். மூன்றாவதாக, பொதுவழியோ அடுத்த வீட்டு வாசலோ நம் படத்தில் விழாது; அண்டை அயலாருடன் மனத்தாங்கல் வர இடமில்லை.

கிழக்கு மேற்காகப் பார்க்கும் காமிராவில் காலையிலோ மாலையிலோ வெயில் நேராக விழும். வேறு வழியில்லாவிடில் லென்ஸின் மேல் சற்று நீண்ட நிழல்தகடு அமைக்க வேண்டும். வாழையிலை, தென்னை மட்டை, கொடிகள் காற்றில் ஆடிக் குறுக்கே வராத இடமாகவும் பார்த்துக்கொள்ளவும்.

வண்டியின் வேகத்தைக் குறைத்தல்

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு 8.3 மீட்டர் ஓடுகிறது. இரவு நேரத்தில் சாதாரணக் காமிரா வெளிச்சம் போதாமல் ஒரு படத்துக்கு வினாடியில் 25இல் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அந்நேரத்துக்குள் வண்டி 33 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. எழுத்தின் பட்டை 7 மி.மீ. மட்டுமே என்பதை நினைவிற்கொண்டால் எழுத்துகள் ஏன் குழம்பிப் போகின்றன என்பது விளங்கும்.

இதற்கு இரண்டு வழிகளையும் சேர்த்துக் கையாள வேண்டும். சொந்தத் தடத்தில், காமிரா பார்க்கும் இடத்துக்கு முன்பும் பின்பும் மண்ணையும் சரளையையும் இறுக்கி மேடாக்கினால் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டருக்குள் வரும். (பொதுச் சாலையில் நாமாக வேகத்தடை போடக்கூடாது.) பின்னர், காமிராவின் ஷட்டர் வேகத்தை வினாடியில் 500இல் ஒரு பங்காக மாற்ற வேண்டும். அந்நேரத்தில் வண்டி 8 மி.மீ. நகரும். காமிரா ஏறக்குறைய வண்டி செல்லும் திசையிலேயே பார்ப்பதால் படத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கே நகர்வாகத் தெரியும். எழுத்து கலையாது. வேகத்தைக் குறைக்க முடியாத இடத்தில் 1000இல் ஒரு பங்கு வைக்கலாம்.

ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்றும் வசதி எல்லாக் காமிராவிலும் இல்லை. வாங்குமுன் கடைக்காரரிடம் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஆள் நடமாட்டத்தைக் கண்டு விழித்துக்கொள்ளும் பாட்டரிக் காமிராக்களும் இவ்வேலைக்கு ஆகா. அது விழித்துப் பதிவைத் தொடங்குவதற்குள் வண்டி தாண்டிப் போயிருக்கும்.

இரவு நேர அமைப்பு

இரவில் டார்ச் விளக்கை அடித்தால் மைல் கல்லில் ஒட்டிய ஒளிப்பட்டை நம்மை நோக்கியே பளிச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்புவது அப்பட்டையின் இயல்பு. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகையும் இவ்வகையைச் சேர்ந்ததே. காமிராவில் லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்கின் ஒளி பலகையில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வருகிறது. ஷட்டர் மெதுவாக இருந்தால் இவ்வொளி மிகுந்து பலகை முழுவதும் வெண்மையாகி எழுத்தை விழுங்கிவிடும். நம் தோப்புக்காரரின் காமிராவில் தெரிந்த வெள்ளைத் திட்டு இதுதான். ஷட்டர் வேகத்தைக் கூட்டியதும், சுற்றுப்புறம் எல்லாம் இருட்டாகி, பலகை மட்டும் கரும்பலகையில் ஒட்டிய தாள்போலத் தனித்துத் தெரியும். படம் இருட்டாக இருக்கிறதே என்று ஷட்டர் வேகத்தை மீண்டும் குறைத்துவிட வேண்டாம். எண் காமிராவின் படம் இரவில் இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

இரவுக்கான அமைப்புகள் வருமாறு:

1. இரவில் கறுப்பு வெள்ளை முறையில் நிறுத்தவும்.
2. ஷட்டர் 500இல் ஒரு பங்கு. ஒளிப்பெருக்கத்தைக் குறைந்த அளவில் வைக்கவும்.
3. பலகை இன்னும் வெளுத்தால் அகச்சிவப்பு விளக்கின் வலுவைக் குறைக்கவும்.
4. முகப்பு விளக்கின் கூச்சத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதனை இயக்கவும்.
5. லென்ஸின் குவியத்தை இரவில், அகச்சிவப்பு விளக்கு எரியும்போது சரிசெய்யவும். பகலில் சரிசெய்தது இரவில் சற்று மங்கலாக விழும்.

சாயம் பூசி எழுதிய பழைய பலகைகள் ஒளியை இவ்வாறு திருப்பி அனுப்புவதில்லை. அவற்றுக்கு 250இல் ஒரு பங்கு தேவைப்படலாம். அப்போது வேகத்தடையின் அருமை தெரியும். கம்பத்தருகே சாதாரண விளக்கு ஒன்று எரிந்தாலும் உதவியாகும். மஞ்சள் பலகையும் வெள்ளைப் பலகையும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒன்றுபோலவே தெரியும் என்பதை நினைவில் வைக்கவும்.

மின்சாரமும் பதிவும்

வீட்டிலிருந்து கம்பம் 100 மீட்டருக்குள் இருந்தால், மின்சாரத்தையும் படத்தையும் ஒரே கம்பியில் கொண்டு செல்லும் காமிராவே சிறந்தது. முழுச் செம்புக் கம்பியாக வாங்கவும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி தூரம் போகும்போது மின்சாரத்தை இழக்கும். எலி கடிக்காமலும் மண்வெட்டி படாமலும் இருக்கக் கம்பியைக் குழாய்க்குள் விட்டுப் புதைக்க வேண்டும். இடி மின்னல் காலத்துக்கு நில இணைப்பும், மின் எழுச்சித் தடுப்பானும் தேவை. பம்புசெட்டின் இலவச மின் இணைப்பிலிருந்து காமிராவுக்கு மின்சாரம் எடுப்பது பின்னர் தொல்லையாக முடியலாம். வீட்டு இணைப்பிலிருந்து எடுக்கவும். ஐயமிருப்பின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறியவும்.

மின்சாரம் எட்டாத இடத்தில் சூரிய ஒளித் தகடு கைகொடுக்கும். காமிராவும், செய்தி அனுப்பும் கருவியும் சேர்ந்து 12 வாட் எடுக்கும் என்று கொண்டால் நாளொன்றுக்கு 288 வாட்-மணி தேவை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1200 வாட்-மணி இருக்கும். அதில் பாதியை மட்டும் செலவிட்டால் வெயில் இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். மழை மாதங்களையும் கணக்கில் கொண்டு 150 வாட் தகடு வைப்பது நலம்.

வினாடிக்கு 4 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 ஜி.பி. இடம் வேண்டும். 128 ஜி.பி. நினைவு அட்டை மூன்று நாளில் நிறைந்து, பழைய பதிவின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். 1 டி.பி. வன்தட்டு ஒரு காமிராவுக்கு 23 நாட்களும், இரண்டு காமிராக்களுக்கு 11 நாட்களும் தாங்கும். திருட்டைச் சில நாள் கழித்தே அறிவதும் உண்டு. ஆகையால் பத்து நாளாவது பதிவு தங்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவுப் பெட்டியைக் கண்ணில் படாத இடத்தில் பூட்டி வைக்கவும். காமிராவுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடவும்.

சோதித்துப் பார்த்தல்

பொருத்தியவர் கூலியை வாங்கிக்கொண்டு போவதற்கு முன், இரவு நேரத்தில் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது. வீட்டில் உள்ள இரு சக்கர வண்டியை விளக்குடன் மணிக்கு 10, 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் மும்முறை உள்ளே ஓட்டிச் சென்று திரும்பச் சொல்லவும். பிறகு பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கவும். 8ஐயும் Bயையும் ஒத்த வடிவங்கள் குழம்பாமல் தெரிகின்றனவா என்று, அவ்வண்டியின் எண் தெரியாத ஒருவரை விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். எண்ணை அறிந்த நமக்கு மங்கலான படத்திலும் அது தெரிவதுபோலத் தோன்றும்.

அதன்பின் வாரம் ஒருமுறை லென்ஸை மெல்லிய துணியால் துடைக்கவும். அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸின் முன் ஒரே ஓர் இழை ஒட்டடை இருந்தாலும் இரவுப் படம் வெளுத்துவிடும். மண் தடத்துப் புழுதியும் அவ்வாறே. மாதம் ஒருமுறை காமிராவின் கடிகாரத்தை ஒத்துப் பார்க்கவும். நேரம் தவறிய பதிவால் வீண் வாதமே மிஞ்சும்.

திருட்டு நிகழ்ந்தால் செய்ய வேண்டியவை

பதிவில் எண் கிடைத்ததும் நாமே வண்டிக்காரரைத் தேடிச் செல்வதோ, அந்தப் படத்தை ஊர்க் குழுக்களில் பரப்புவதோ கூடாது. எண் பலகை போலியாக இருக்கலாம். திருடிய வண்டியாகவும் இருக்கலாம். குற்றமற்ற ஒருவர் மேல் பழி விழுந்தால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவேதான் அகன்ற காட்சிக் காமிராவும் வேண்டும் என்கிறோம். வண்டியின் வகை, ஒடுக்கு, ஒட்டிய படம், இறங்கிய ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அது காட்டும். உடனே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கவும். ஆள் உள்ளே இருக்கும்போதே தெரியவந்தால் வெளியே செல்லாமல் கதவைத் தாழிட்டு 112 அல்லது 100 என்ற எண்ணை அழைக்கவும்.

திரையைக் கைப்பேசியால் படம் பிடித்துக் கொடுத்தால் போதாது. பதிவை அதன் மூல வடிவிலேயே நகலெடுத்து, மூலப் பதிவும் அழியாமல் பாதுகாக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கச் சான்றிதழ் தேவை. அதில் ஒரு பகுதியைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும், மற்றொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். இது பற்றிப் புலனாய்வு அதிகாரியிடம் கேட்டறிந்து ஒத்துழைக்கவும்.

முடிவாக

காமிரா திருடனை வழிமறிக்காது. வந்து போனதைக் கணக்கெழுதி வைக்கும், அவ்வளவே. கேட்டுக்குப் பூட்டும், வாசலுக்கு விளக்கும், வளர்ப்பு நாயும், குரல் கொடுத்தால் ஓடிவரும் பக்கத்துத் தோட்டத்தாரும் என்றும் வேண்டியவை. தனித்து வாழும் முதியோர் உள்ள தோட்டங்களில் அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர் சேர்ந்து, எல்லோருக்கும் பொதுவான வண்டித்தடத்தின் நுழைவாயிலில் கலந்து பேசி ஓர் எண் காமிரா வைத்தால் செலவும் பங்காகும், பாதுகாப்பும் எல்லோருக்கும் ஆகும்.

முன்னர்ச் சொன்ன தோப்புக்காரர் வாசற்கம்பத்தில் 8 மீட்டர் தூரத்துக்கு லென்ஸை மாற்றி, ஷட்டரைக் கூட்டி, இரண்டு மண்மேடும் போட்டார். அன்றிரவே அவர் மகன் ஓட்டிவந்த வண்டியின் எண்ணை அடுத்த தோட்டத்துப் பள்ளிச் சிறுவன் தடங்கலின்றிப் படித்துவிட்டான். போன கேபிள் திரும்பி வரவில்லை. "போனது போகட்டுங்க, இனி வர்றவன் நம்பரை விட்டுட்டுத்தான் போகணும்" என்றார் அவர். காமிரா வைத்திருக்கும் உழவர் பெருமக்கள் இன்றிரவே தங்கள் பதிவைப் போட்டுப் பார்த்து, எண் தெரிகிறதா என்று சோதித்து, குறையிருப்பின் மேற்கண்ட முறைகளைக் கையாண்டு பயனடைய வேண்டுகிறோம்.